பாதியில் நின்றுபோன பழைய காரை முடிக்க நேரமும் ஆர்வமும் எங்கிருந்து வரும்?

பழைய கார் வேலை பாதியில் நிற்பதற்கு நேரம் இல்லாததுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. இப்படி எழுதினால் கமெண்டில் நாலு பேர் அடிக்க வருவார்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

வேலை, குழந்தைகள், மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அன்றைக்கும் ஷெட் ஷட்டரைத் தூக்கவே மனசு வரவில்லை, பாதியில் நிற்கிற பழைய காரை எப்படி முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன கார், எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லவில்லை. நானாக யூகிக்கிறேன்: எஞ்சின் தனியாகத் தரையில், சீட்டெல்லாம் மொட்டை மாடியில், நட்டு போல்ட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில், எது எங்கே போகும் என்பது பாதி மறந்துபோய்விட்டது. சரியா? அம்பாசடராக இருந்தால் உங்களுக்குப் பாதிக் கவலை கிடையாது, 2014 வரைக்கும் உற்பத்தியில் இருந்த வண்டி, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் ஒரு நடை நடந்தால் ஏதாவது கையில் சிக்கும். பிரீமியர் பத்மினியும் பரவாயில்லை, மும்பையில் 2023 வரைக்கும் டாக்ஸியாக ஓடிய கார்தான்.

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் பெயரில் வந்த கார், மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உடம்பு, 948 சிசி எஞ்சின். நம்ம ஊரில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 60களில் இதைச் செய்தார்கள். கம்பெனியே 80களின் கடைசியில் மூடிப்போனது. எஞ்சின் சாமான் பெரும்பாலும் இன்றைக்கும் இங்கிலாந்தில் புதிதாகவே கிடைக்கிறது, கூரியரும் கஸ்டம்ஸும் கட்ட மனசு இருந்தால் வீட்டுக்கே வரும். ஆனால் என்னுடையது நான்கு கதவு மாடல். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அதனால் பின்கதவுக்கு ஒரு பீடிங் (கதவு ஓரத்து ரப்பர் பட்டை) வேண்டும் என்றால் லண்டனிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

வாங்கும்போதே பிரித்துப்போட்ட வண்டி. முந்தைய உரிமையாளர் பெரிய ஆசையோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டார். உங்களைப் போலத்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நேரம் நிறையவே இருந்தது, ரிட்டயர் ஆனவர். அதனால்தான் முதல் வரியை அப்படி எழுதினேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன், இதுதான் சரியான முறை என்று சொல்ல வரவில்லை. பழைய கார் கண்காட்சிகளில் பரிசு வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்கள் முறை வேறு, அவர்கள் பட்ஜெட்டும் வேறு.

எல்லாரும் பாடி வேலையை முதலில் முடி என்றார்கள். டிங்கரிங், பட்டி, பெயிண்ட், அப்புறம் எஞ்சின். நான் தலைகீழாகச் செய்தேன். வண்டி முதலில் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், அப்புறம் பிரேக் பிடிக்க வேண்டும், அப்புறம் ஸ்டார்ட் ஆக வேண்டும். கலர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஓடாத வண்டிக்குப் பெயிண்ட் அடித்தால், எஞ்சினை ஏற்றி இறக்கும்போது புதுப் பெயிண்டில் கீறல் விழுமே என்ற பயத்திலேயே இன்னும் ஒரு வருஷம் போய்விடும். அதைவிட முக்கியம், ஓடுகிற வண்டி அதுவாகவே வேலை வாங்கும். ஒரு தடவை தெருவைச் சுற்றி வந்தால் போதும், எங்கே சத்தம் வருகிறது, எங்கே ஆயில் சொட்டுகிறது என்று அடுத்த வாரத்து வேலை கையில் வந்துவிடும். ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டுவிடுங்கள். ஞாயிறு முழுக்க ஷெட்டில் கிடப்பேன் என்று வீட்டில் சொல்லிப்பாருங்கள், எந்த வீட்டிலும் நடக்காது, அன்றைக்குத்தான் கல்யாணமும் காதுகுத்தும் வரும். நான் வார நாட்களில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பால்கனியில் பேப்பரை விரித்து, கைக்குள் அடங்குகிற ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்துக்கொள்வேன். வைப்பர் மோட்டார் ஒரு வாரம், கார்புரேட்டர் ஒரு வாரம், கதவுக் கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின் ஒரு வாரம். வண்டி ஷெட்டில், நான் வீட்டில். மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு மட்டும் வீட்டுக்காரியிடம் திட்டு விழும், அது நியாயம்தான்.

முன்சக்கரத்தைத் தாங்குகிற பித்தளை ட்ரன்னியனைக்கூட அப்படித்தான் சுத்தம் செய்தேன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனை, மரை போட்டு இந்தப் பித்தளைக்குள் இறங்கி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையிலேயே சுழலும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம்ம ஊரில் எல்லாரும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். பழைய கிரீஸ் இறுகி மெழுகாக அடைத்துக்கொள்ளும், மரைக்கு ஈரமே போகாது, தேய்ந்து துருப்பிடித்து ஒரு நாள் தண்டு உடைந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். என்னுடையதைக் கழற்றியபோது உள்ளே இருந்தது கரி போன்ற ஒரு கறுப்புக் கட்டி. குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, அடியில் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தபோது வந்த திருப்தி, சத்தியமாகச் சொல்கிறேன், ஆபீசில் எனக்கு வந்ததே இல்லை.

எஞ்சின் நான் தொடவில்லை, ஒரு மெக்கானிக் பாய் பார்த்தார். வயசானவர், ஹெரால்டில் கை வைத்துப் பழகியவர். வந்ததும் என்னை உள்ளே உட்காரவைத்து, "சார், கிளட்சை மிதிங்க, விடுங்க, மிதிங்க" என்றார். அவர் முன்பக்கம் குனிந்து ஃபேன் பெல்ட் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் புல்லி லேசாக முன்னால் வந்து போனது. "த்ரஸ்ட் வாஷர் போச்சு, இத வச்சுக்கிட்டு ஓட்டினா பிளாக்கே காலி" என்றார். இந்த எஞ்சினில் பின்பக்க மெயின் பேரிங்கில் அரைவட்டமாக இரண்டு வாஷர் உண்டு, எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அதுதான். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றினால் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். சின்ன சாமான், விலையும் பெரிதில்லை. ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

உண்மையான தாமதம் டிங்கரிங்கில்தான் வந்தது. ஹெரால்டுக்கு சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி, போல்ட் போட்டு உட்கார வைத்தது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளைத்தான் துரு முதலில் தின்னும். டிங்கர் நல்ல வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்சூரன்ஸ் வண்டி ஒன்று வந்துவிட்டால் என் கார் சுவரோரம் போய்விடும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, இன்சூரன்ஸ் வண்டி முடிந்தால் பணம் நிச்சயம், என் வண்டியோ முடிவே இல்லாத வேலை. அதனால் மொத்தமாக ரேட் பேசாமல், இந்த இடது பக்கம் மட்டும் இவ்வளவு, முடித்த அன்றே பணம் என்று துண்டு துண்டாகப் பேசினேன். ஆபீஸ் போகிற வழியில் பட்டறையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போவேன், ஒன்றும் கேட்க மாட்டேன், நான் வந்தேன் என்று தெரிந்தால் போதும். வேலை நகர்ந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு தேதி வேண்டும், அதுவும் நாமே வைக்கிற தேதியாக இருக்கக் கூடாது. எனக்கு அது ஆர்.சி. புதுப்பிப்பு. சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். 2022 ஏப்ரலில் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5000 ஆக்கினார்கள், 2025இல் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. வயிற்றெரிச்சல்தான், ஆனால் பணத்தைக் கட்டி நாள் வாங்கிவிட்டால் அன்றைக்கு வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நின்றாக வேண்டும். லைட் எரிய வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், சேசிஸ் நம்பர் படிக்கிற மாதிரி தெளிவாகத் தெரிய வேண்டும். முந்தைய பெயிண்டர் எவனோ நம்பர் மேலேயே அடித்து வைத்திருந்தான். சுரண்டி, பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து, கடைசி எழுத்து தெளிவாக விழும்வரைக்கும் நகம் போனதுதான் மிச்சம். அந்தப் பட்டியல்தான் எனக்கு டைம்டேபிள். சீட் கவர் அதில் இல்லை, அதனால் சீட் கவர் காத்திருந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் உண்டு, பத்து வருஷம் செல்லும். ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது என்று விதி. நான் காய்கறிக் கடைக்கும் இதில்தான் போகிறேன், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி ஓட ஆரம்பித்து அபார்ட்மெண்டுக்கு வந்த வாரமே அசோசியேஷனிலிருந்து வாட்ஸ்ஆப் மெசேஜ், "பழுதடைந்த வாகனங்களை அப்புறப்படுத்தவும்" என்று, பெயர் போடாமல். பழுதடைந்த வாகனமா? என்னுடைய பார்க்கிங்கில், என்னுடைய கோட்டுக்குள், கவர் போட்டு நிற்கிறது. மெசேஜ் போட்டவருடைய மூன்றாவது கார் விருந்தாளிகள் இடத்தில் நிரந்தரமாக நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு ஃபைன் கட்டுகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. மீட்டிங்கில் கேட்டேன், "அஜெண்டாவில் இல்லை" என்றார்கள். தண்ணீர் லாரிக் கணக்கும் அஜெண்டாவில் வருவதே இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுதலாம், வேண்டாம், பிபி ஏறும்.

வண்டி முடிந்துவிட்டதா என்று கேட்டால், ஓடுகிறது. இடது பின்கதவுக் கண்ணாடி இன்னும் பாதிதான் இறங்குகிறது. மொத்த முன்பக்கமும் முன்னால் சாய்ந்து திறக்கிற பானட், பக்கத்துக்கு ஒரு கொக்கி, இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த மாட்டேன் என்கிறது, வலது பக்கம் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு இது ரெஸ்டோரேஷனே இல்லை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

உங்கள் வண்டி என்ன, எதில் நிற்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். எஞ்சின் வெளியே மரக்கட்டை மேல் நிற்கிறதா, பிரேக் லைன் இருக்கிறதா, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. தப்பித்தவறி நான்கு கதவு ஹெரால்டாக இருந்தால் பின்கதவு பீடிங்குக்கு நான் எடுத்து வைத்திருக்கிற அளவு இருக்கிறது, ரப்பர் கடையில் காட்டினால் ஓரளவுக்குப் பொருந்துகிறதைத் தேடிக் கொடுப்பார்கள்.