ஆம்புலன்ஸில் ஆள் நிற்காதது ஏன்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை கொடுக்கும் பாராமெடிக்குகளின் பற்றாக்குறை, அவர்களுக்கான பதிவுச் சட்டம், சங்க வேலை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், நினைத்ததைவிட நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பல வருஷம் வண்டியில் இருந்தவன், இப்போது பயிற்சி கொடுப்பதும் சங்க வேலையும்தான். அதனால் ரொம்ப நடுநிலையான பதில்களை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வருஷா வருஷம் இத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள். அப்புறம் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது?

படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, வேலையில் தங்குகிறவர்களுக்குத்தான் பஞ்சம். சேர்ந்த சில வருஷத்தில் முதுகு போகிறது, ராத்திரி டூட்டியில் தூக்கம் போகிறது, சம்பளம் மட்டும் அங்கேயே நிற்கிறது. ஒரு நர்ஸுக்கு வார்டு, ஐசியூ, பொறுப்பு நர்ஸ், கண்காணிப்பாளர், ஆசிரியர் என்று ஏற வழி இருக்கிறது. பாராமெடிக்குக்குப் பெரும்பாலான இடங்களில் சேர்ந்த அன்று உட்கார்ந்த சீட்தான் கடைசி வரைக்கும். போகிறவர்கள் யார் என்றும் பாருங்கள்: கை பழகி, தலை நிதானமாகி, புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தவர்கள்தான் முதலில் போகிறார்கள். அந்த இடத்தில் புதியவரைப் போட்டதும் நிர்வாகத்தின் கணக்கில் காலியிடம் நிரம்பிவிடும். வண்டிக்குள்ளே இரண்டு பேருமே புதியவர்கள், யார் யாரிடம் கேட்பது? காலியிட எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பற்றாக்குறையை அளந்தால் இது கண்ணில் படவே படாது.

கேள்வி: ஆறு மாசப் பயிற்சி கொடுத்து ஆள் எடுத்துவிட்டால் போச்சு. முதலுதவி செய்து கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதானே?

அமெரிக்காவில் பாராமெடிக்குக்குக் கீழ்ப்படியில் இருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியரான இ.எம்.டி.க்கான அடிப்படைப் பயிற்சியே 150 மணி நேரத்துக்கு மேல் வரும். பாராமெடிக் என்றால் பொதுவாக 1,200 முதல் 1,800 மணி நேரம். ஜெர்மனியில் 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வருஷப் படிப்பு. பிரிட்டனில் 2021 முதல் பட்டப்படிப்பு முடித்தால்தான் புதிதாகப் பதிவுக்கு வர முடியும். தொண்டைக்குள் குழாய் இறக்குவது, எலும்பு வழியாக மருந்து ஏற்றுவது, ஈ.சி.ஜி. பார்த்து இது மாரடைப்பு, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நடுரோட்டில் முடிவெடுப்பது, இதெல்லாம் ஆறு மாசத்தில் வராது. இ.எம்.டி.க்களைக் குறைத்துச் சொல்லவில்லை, இரண்டு பேரும் வேண்டும். ஒருவருடைய இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுப் பற்றாக்குறை தீர்ந்தது என்று அறிக்கை விடுவதுதான் பிரச்சினை.

கேள்வி: அண்ணே, புது வண்டிகள் வாங்குகிறார்கள், ஆளும் எடுக்கிறார்கள். இருந்தும் கூப்பிட்டால் வண்டி வரவில்லை. ஏன்?

வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது மருத்துவமனை வாசலில்தான் நிற்கும்.

நோயாளியைக் கொண்டுபோய் அவசரப் பிரிவில் நிறுத்துகிறோம். உள்ளே படுக்கை இல்லை. அவர் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருக்கிறார், ஸ்ட்ரெச்சர் இல்லாமல் நாங்கள் அடுத்த கேஸுக்குப் போக முடியாது. சின்ன ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புப் பக்கம் இறங்க, ஒருவர் வண்டிக்கு ஓடி மாற்று சிலிண்டர் எடுத்து வருகிறார். மானிட்டர் பேட்டரி கத்துகிறது, ப்ளக் பாயிண்டைத் தேடிப் போனால் அதில் ஏற்கெனவே வேறொரு குழுவின் மானிட்டர் மாட்டியிருக்கிறது. இதற்கு நடுவில் வயர்லெஸ்ஸில், "மூச்சுத்திணறல் கேஸ், பக்கத்தில் யார் இருக்கிறீர்கள்?" என்று கட்டுப்பாட்டு அறை கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில்தான் இருக்கிறோம், வரிசையாக நிற்கிறோம், ஒரு வண்டியும் நகராது.

இங்கிலாந்தில் நோயாளியை 15 நிமிஷத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் என்று சந்தேகப்படும் அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இலக்கும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அந்தச் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. அந்த மாசம் பாராமெடிக்குகள் திடீரென்று காணாமல் போய்விடவில்லை. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ அனுப்ப வழியில்லாமல் நோயாளிகள் தேங்கியதும் அங்கே ஒரு பெரிய காரணம், அந்த நெருக்கடி பின்னோக்கி வந்து எங்கள் வண்டியில் முட்டி நின்றது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். புது வண்டி வாங்கினால் வாசலில் இன்னொரு வண்டி கூடுதலாக நிற்கும், திறப்பு விழாப் படம் மட்டும் நன்றாக வரும்.

கேள்வி: சம்பளத்தைக் கூட்ட முடியாது, வருமானம் இல்லை என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. பொய்யா?

பாதி நிஜம். அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் சண்டையைச் சரியான ஆளிடம் போட முடியும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இது பச்சையாகவே தெரியும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டம் 1965-இல் வந்தபோது ஆம்புலன்ஸை ஒரு போக்குவரத்துச் செலவாக எழுதி வைத்தார்கள். பாராமெடிக் என்ற தொழிலே அப்போது கிடையாது. அந்த அடிப்படைதான் இன்னும் ஓடுகிறது. சர்க்கரை இறங்கி நினைவில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றுகிறீர்கள், எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், மருத்துவமனைக்கு வரவில்லை என்கிறார். நல்ல சிகிச்சை, அவசரப் பிரிவில் ஒரு படுக்கையும் மிச்சம். ஆனால் ஏற்றிக்கொண்டு போகாததால் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. அதையே சும்மா ஏற்றி இறக்கினால் பணம் வரும். வீட்டிலேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம் தரும் ஒரு முயற்சியை மெடிகேர் 2021-இல் தொடங்கி 2023 முடிவிலேயே, திட்டமிட்டதற்கு முன்பே, மூடிவிட்டது.

மற்ற இடங்களில் ஒப்பந்த வடிவம் மாறும், குணம் அதேதான். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு வண்டிக்கு மாசம் இவ்வளவு, ஒரு டிரிப்புக்கு இவ்வளவு. கொடுத்த சிகிச்சைக்கு என்று ஒரு வரி இருக்காது. உங்கள் நிர்வாகத்தின் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். எதற்குப் பணம் வருகிறதோ அதைத்தான் அவர்கள் உங்களிடம் விரட்டி விரட்டி வாங்குவார்கள்.

கேள்வி: இந்தத் தொழிலுக்காகக் குரல் கொடுத்தவர்கள் முன்பு யாராவது உண்டா?

குரல் கொடுக்க ஆளில்லாமல் போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 1966-இல் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார், அது ஒரு ஆரம்பம். ஆனால் அதில் போனது டாக்டர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் 1967-இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களை எடுத்து, மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர். முறையை வளர்த்தவர்களில் ஒருவரான பீட்டர் சாஃபர் கடுமையான பயிற்சி கொடுத்தார். அதற்கு முன்பு அந்த ஊரில் போலீஸ் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். பின்னால் அங்கே மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன் எழுதிய பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதற்கும் பாராமெடிக் பாடத்திட்டமானது. 1975-இல் மாநகராட்சி சொந்தச் சேவை தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் ஆட்களில் பலர் புதுத் தேர்வுகளிலும் ஓரங்கட்டலிலும் வெளியே தள்ளப்பட்டார்கள். நாடே பின்பற்றிய தரத்தைக் காட்டியவர்களுக்கு வேலை நிலைக்கவில்லை. திறமை இருந்தால் மதிப்பு தானாக வரும் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கேள்வி: பதிவு, கவுன்சில் என்கிறீர்களே, வருஷா வருஷம் கட்டணம் கட்டுவதைத் தவிர எங்களுக்கு என்ன லாபம்?

பதிவு இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் பாராமெடிக் என்று சட்டையில் எழுதிக்கொள்ளலாம், நிர்வாகமும் யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம். பதிவு வந்தால் பெயர் சட்டத்தின் காவலுக்குள் வரும், தவறு செய்தவரைத் தொழிலில் உள்ளவர்களும் உட்கார்ந்திருக்கும் ஓர் அமைப்பு விசாரிக்கும், அரசு சுகாதாரத் திட்டம் போடும்போது மேஜையில் ஒரு நாற்காலி கேட்கலாம். பிரிட்டனில் 2000-இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும். இந்தியாவில் 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் (பாராமெடிக்) இருக்கிறார்.

சங்கக்காரர்கள் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு ஆம்புலன்ஸில் ஆளைக் கூட்டும் என்று நம்பாதீர்கள், குறைக்கவும் செய்யலாம். பிரிட்டனில் 2018 முதல் மேற்படிப்பு முடித்த பாராமெடிக்குகள் மருந்துச் சீட்டு எழுதலாம். குடும்ப மருத்துவர் கிளினிக்குகள் அவர்களை வேலைக்கு எடுக்க அரசே பணம் கொடுக்கிறது. பகல் டூட்டி, உட்கார்ந்து பார்க்கும் நோயாளி, முதுகும் தப்பிக்கும். யார் போகமாட்டார்கள்? தொழிலுக்கு நல்லது, வண்டிக்கு நஷ்டம். அதற்காகக் கதவைப் பூட்டக் கூடாது என்பது என் கட்சி. வாரத்தில் இரண்டு நாள் கிளினிக், மூன்று நாள் வண்டி என்று மாற்றி மாற்றிப் போடும் ரோஸ்டரைக் கேளுங்கள். ஆளும் தங்குவார்.

கேள்வி: ஆம்புலன்ஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வது கொலைக்குச் சமம் இல்லையா?

இல்லை. 2022 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலைநிறுத்தம் நடந்தபோது உயிருக்கு ஆபத்தான அழைப்புகளுக்குப் போவது பற்றி முன்கூட்டியே சேவை வாரியாகப் பேசி வைத்திருந்தார்கள். மறியல் வரிசையில் நின்றவர்களே அழைப்பு வந்ததும் வண்டி ஏறினார்கள். கோபம் வருவது வேறொரு விஷயத்தில். வேலையை நிறுத்துவேன் என்றால் நீங்கள் அத்தியாவசியச் சேவை, கூடாது என்கிறார்கள். சரி, அத்தியாவசியம் என்றால் நிதி ஒதுக்குங்கள் என்றால் பேச்சு மாறிவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் தீயணைப்பும் போலீஸும் கட்டாயம் இருக்க வேண்டிய சேவைகள், ஆம்புலன்ஸ் சட்டப்படி அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: 24 மணி நேர ஷிஃப்டை ஒழிக்கச் சங்கம் ஏன் போராடவில்லை?

ஏனென்றால் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேண்டும். 24 மணி நேரம் ஓட்டினால் இரண்டு நாள் லீவு கிடைக்கும், அந்த இரண்டு நாளில் இன்னொரு வேலை பார்ப்பார்கள், குடும்பம் அதில்தான் ஓடுகிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த அவசர மருத்துவச் சேவைக்கான களைப்பு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ஷிஃப்ட் 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும், டூட்டிக்கு நடுவில் குட்டித் தூக்கம் போட இடம் கொடுங்கள். சம்பளத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் ஆட்களே எதிர்ப்பார்கள், எதிர்த்தும் பார்த்திருக்கிறேன். சம்பளம் கூடும் வரைக்கும் குட்டித் தூக்கத்தையாவது எழுத்தில் வாங்குங்கள். "ஸ்டேஷனில் படுத்துத் தூங்குகிறார்கள்" என்று யாரோ போட்டோ எடுத்துப் போட்டதும் பயந்து கட்டிலை எடுத்துவிடும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

கேள்வி: போன மாசம் ஒரு குழந்தை கேஸ். காப்பாற்ற முடியவில்லை. எல்லாரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத்தான் ஏதாவது கோளாறா அண்ணே?

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை தம்பி. சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் கட்டாயமாக ஒரே ஒரு தடவை உட்காரவைத்துப் பேசவைப்பது பிற்பாடு வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமே அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு ஆளிடம், பிடித்த நேரத்தில் பேசுங்கள். ஆனால் அந்தக் காட்சி கனவில் வருகிறது, அந்தத் தெருப் பக்கம் போக முடியவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்று ஒரு மாசம் தாண்டியும் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை இருக்கிறது, வேலையும் செய்கிறது. சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கனடாவின் ஒன்டாரியோவில் 2016 முதல் பாராமெடிக்குக்கு இந்த நோய் வந்தால் அது வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, எந்தக் கேஸால் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது இதைத்தான், சுவரில் ஒட்டும் யோகா போஸ்டரை இல்லை.

கேள்வி: எங்கள் ஸ்டேஷனில் மொத்தமே கொஞ்சம் பேர். சங்கம் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டிலிருந்து. மருத்துவமனையை அடைந்த நேரம், நோயாளியை ஒப்படைத்த நேரம், வண்டி மறுபடி தயாரான நேரம், ஷிஃப்ட் முடிய வேண்டிய நேரம், உண்மையில் முடிந்த நேரம். நோயாளி பெயரோ முகவரியோ வேண்டவே வேண்டாம், எழுதினால் பிரச்சினை உங்கள் மேலேயே திரும்பும். சில மாசம் எல்லாரும் விடாமல் எழுதினால், "ரொம்பக் கஷ்டம் சார்" என்று போய் நிற்பதற்குப் பதிலாக, இத்தனை மணி நேரம் இத்தனை வண்டி மருத்துவமனை வாசலில் நின்றது என்று ஒரு பக்கத்தில் காட்டலாம். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், பன்னிரண்டு கோரிக்கை வைத்தால் அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்துவிட்டு, பேச்சுவார்த்தை வெற்றி என்பார்கள். அவசரப் பிரிவு நர்ஸுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நாம் அவர்களைத் திட்டுகிறோம், அவர்கள் நம்மைத் திட்டுகிறார்கள், இரண்டு பேருக்கும் படுக்கை தராத ஆள் மாடியில் நிம்மதியாக இருக்கிறார். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், ஒருவர் பெயரில் மட்டும் கடிதம் போக வேண்டாம்.

கேள்வி: என் மகன் பாராமெடிக் படிக்கிறேன் என்கிறான். விடலாமா?

விடுங்கள். சேர்க்கும் முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்தப் படிப்பு முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்யலாம், அதை எழுத்தில் தருவீர்களா? ஓடுகிற ஆம்புலன்ஸில் மூத்த பாராமெடிக்கோடு எத்தனை மணி நேரப் பயிற்சி? இரண்டாவதற்குப் பதிலாக ஆய்வகத்தில் இருக்கும் பொம்மையைச் சுற்றிக் காட்டினார்கள் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.