ஒட்டகச்சிவிங்கி கையை நக்குன ஜூல கதவுக்குப் பின்னால என்ன நடந்துச்சு? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே இடத்தைப் பத்தி தான். இங்கிலாந்துல வடமேற்கு மூலையில கம்ப்ரியா பக்கம் டால்டன்-இன்-ஃபர்னஸ்னு ஒரு சின்ன ஊர், அங்க இருந்த சவுத் லேக்ஸ் சஃபாரி ஜூ. 1994ல திறந்தாங்க, 2024 டிசம்பர்ல மூடிட்டாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனவங்க நிறைய பேர் எழுதிருக்கீங்க, அதனால மத்த கேள்விகளை அடுத்த தடவைக்கு வச்சுட்டு இதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி (ப்ரெஸ்டன்ல இருந்து ஒரு அம்மா): அண்ணா, என் ரெண்டு பசங்களையும் அங்க கூட்டிட்டுப் போயிருக்கேன். பெரியவன் கையில இருந்த இலையை ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டி வாங்கிச்சு, லீமர் (குரங்கு மாதிரி இருக்குற மடகாஸ்கர் மிருகம்) எங்க காலுக்கு நடுவுல ஓடுச்சு, அவன் இன்னமும் அந்த நாளைப் பத்தியே பேசுவான். இப்ப அந்த ஜூவைப் பத்தி வர்ற பழைய செய்தி எல்லாம் படிச்சா மனசு ஒரு மாதிரி ஆகுது. நாங்க போனதே தப்பா?

பதில்: இல்லம்மா, தப்பு இல்ல. உங்க பையன் பட்ட சந்தோஷம் நிஜம், அதை யாரும் திருப்பி வாங்க முடியாது, அவன்கிட்ட அதைக் கெடுக்கவும் வேண்டாம். அந்த இடத்துக்குக் கூட்டம் போனதுக்கு நல்ல காரணமே இருந்துச்சு. மத்த ஜூல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூரத்துல படுத்திருக்கிறதைப் பாத்துட்டு வருவோம், இங்க லீமரும் கங்காருவும் நாம நடக்குற பாதையிலயே சுத்தும், ஒட்டகச்சிவிங்கிக்கு நம்ம கையாலயே குடுக்கலாம், சுமத்ரா புலி ஆறு மீட்டர் உயரக் கம்பத்துல ஏறி மேல கட்டியிருக்குற இறைச்சியைப் பிடுங்கும். அந்தக் கம்பம் நல்ல யோசனை தான்னு நான் இப்பவும் சொல்லுவேன், கிண்ணத்துல போட்டா ரெண்டு நிமிஷத்துல தின்னுட்டுப் படுத்துக்கிற மிருகத்தை உடம்பை வளைச்சு உழைக்க வைக்குது, புலிக்கு அது தேவை.

ஆனா ஒண்ணு, நமக்குப் புடிச்ச விஷயம் மிருகத்துக்கும் புடிக்கும்னு அர்த்தம் இல்ல. ஒட்டகச்சிவிங்கியையே எடுத்துக்கோங்க. அதோட நாக்கு கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம், காட்டுல முழிச்சிருக்குற நேரத்துல பெரும்பகுதி இலையைத் தேடி உருவி மெல்லுறதுலயே போயிடும். ஜூல சாப்பாடு தீவனமா சீக்கிரம் உள்ள போயிடுது, நாக்குக்கு வேலை இல்ல, அப்ப கம்பியை நக்கும், சுவரை நக்கும், மணிக்கணக்கா நக்கும். அமெரிக்க ஜூக்கள்ல இருந்த ஒட்டகச்சிவிங்கி, அதோட சொந்தக்கார மிருகமான ஒகாபி ரெண்டையும் வச்சு 2001ல வந்த ஒரு ஆய்வுல, 80 சதவீதத்துக்குப் பக்கத்துல இந்த மாதிரி ஏதோ ஒரு திரும்பத் திரும்பச் செய்யுற பழக்கம் இருந்துச்சு, அதுல கம்பி சுவர் நக்குறது தான் முக்கியமானது. உங்க பையன் கையில இருந்து வாங்குன இலை அதுக்கு நல்லது தான், அந்தக் கொஞ்ச நேரம் இல்லாம மீதி நாள் பூரா அதுக்கு மரக்கிளை கட்டித் தொங்க விட்டாங்களா, அது தான் எனக்குக் கேள்வி.

கேள்வி: 486 மிருகம் செத்துச்சுன்னு போடுறாங்க. ஜூன்னா சாவு இருக்கத்தானே செய்யும் சார்? வயசாகி செத்ததையும் சேத்து எண்ணி பெருசு பண்றாங்களோன்னு தோணுது.

பதில்: நியாயமான கேள்வி, நானும் முதல்ல இப்படித்தான் நினைச்சேன். சின்னப் பறவை, எலி வகை, மீன் எல்லாம் வச்சிருக்குற இடத்துல வருஷா வருஷம் சாவு எண்ணிக்கை கூடத்தான் இருக்கும், எண்ணை மட்டும் பாத்து யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. 486ங்கிறது 2013 டிசம்பர்ல இருந்து 2016 செப்டம்பர் வரைக்கும் உள்ள கணக்கு. ஆனா பிரச்சனை எண்ணுல இல்ல தம்பி, எப்படிச் செத்துச்சுங்கிறதுல தான். ரெண்டு பனிச்சிறுத்தைங்க, பாதி தின்னப்பட்ட உடம்பா கெடந்துச்சு. பெரிய ஆப்பிரிக்க ஆமை ஒண்ணு மின்வேலியில சிக்கி ஷாக் அடிச்சுச் செத்துச்சு. அணில் குரங்கு ஒண்ணோட உடம்பு ரேடியேட்டருக்குப் பின்னால கெடந்து எடுத்தாங்க. குரங்குகளை எண்ணிப் பாத்து ஒண்ணு குறையுதேன்னு தேட ஆள் இல்லைன்னு தானே அதுக்கு அர்த்தம்? இதைப் படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

கூட்டம் அதிகம், சுத்தம் கம்மி, சாப்பாடு சரியில்ல, டாக்டர் கவனிப்புக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லன்னு இன்ஸ்பெக்டர்கள் ரிப்போர்ட்ல எழுதுனாங்க. இதுல கூட்டம் அதிகம்னு சொல்றது பார்வையாளர் கூட்டத்தை இல்ல, மிருகக் கூட்டத்தை. அதுக்குக் காரணம் என்னன்னா குட்டி. எந்த ஜூலயும் குட்டி பொறந்தா பேப்பர்ல போட்டோ வரும், வார இறுதியில டிக்கெட் பிச்சுக்கிட்டுப் போகும், எல்லாருக்கும் சந்தோஷம். சிங்கக்குட்டி ஒரு வருஷத்துல வளர்ந்துடும், ஆண் குட்டியை அப்பாவோட வச்சா சண்டை வரும், தனி இடம் வேணும், வேற ஜூ எடுத்துக்கணும், யாரும் எடுத்துக்கலன்னா? அங்க ஆரோக்கியமா இருந்த சிங்கக் குட்டிகளையே இடமில்லைன்னு ஊசி போட்டுக் கொன்னுருக்காங்க. குட்டி வேண்டாம்னா கருத்தடை இருக்கு, ஆணையும் பொண்ணையும் பிரிச்சு வைக்கலாம், ஜூக்காரங்களுக்கு இது எல்லாம் தெரியாத விஷயமே இல்ல. பொறக்க விட்டுட்டு அப்புறம் இடமில்லைன்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல.

கேள்வி: அங்க மிருகங்களைப் பாத்துக்கிட்ட ஒரு கீப்பர் பொண்ணைப் புலி கொன்னுச்சாமே, அந்த வழக்கு என்ன ஆச்சு?

பதில்: 2013 மே மாசம். 24 வயசுப் பொண்ணு. புலி இருக்க வேண்டிய இடத்துல இருந்து திறந்த கதவுகள் வழியா கீப்பர் நடக்குற காரிடருக்கு வந்துடுச்சு, காரிடர் பக்கம் இருந்த கதவு சரியா மூடி நிக்காம பழுதா இருந்ததுன்னு விசாரணையில வெளிய வந்துச்சு. 2016ல ப்ரெஸ்டன் கோர்ட்டுல அந்தச் சாவுக்காக ஜூ கம்பெனிக்கு 2,55,000 பவுண்டு அபராதம், அதோட 2014ல பெரிய பூனைகளுக்கு சாப்பாடு வைக்கப் போன இன்னொரு கீப்பர் ஏணியில இருந்து விழுந்ததுக்கு 42,500, மொத்தம் 2,97,500 பவுண்டு.

புலி மேல தப்பு இல்ல, புலி புலியா தான் இருந்துச்சு. எனக்கு இதுல தோணுறது வேற. கீப்பரைக் காப்பாத்துற கதவும் மிருகத்தைக் காப்பாத்துற கதவும் ஒரே கதவு தான். அதை ரிப்பேர் பண்ணாம விட்ட இடத்துல கூண்டுக்குள்ள ஈரம், அழுக்கு, குளிர்னு எதையும் நேரத்துக்குச் சரி பண்ணியிருப்பாங்கன்னு எப்படி நம்புறது? வெளிய நமக்குத் தெரியுறது பெயிண்ட் அடிச்ச போர்டும் குட்டி ரயிலும் மட்டும் தானே.

கேள்வி (லெஸ்டர்ல இருந்து): இவ்வளவு நடந்தும் லைசன்ஸ் குடுத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க அண்ணே? வீட்டுல ஒரு செவுரு எழுப்புனாலே கவுன்சில்ல இருந்து வந்து நிக்கிறாங்க.

பதில்: இங்கிலாந்துல ஜூவுக்கு லைசன்ஸ் குடுக்குறது அந்தந்த ஊர் கவுன்சில் தான், 1981 ஜூ லைசன்சிங் சட்டப்படி. முதல் லைசன்ஸ் நாலு வருஷம், அப்புறம் புதுப்பிச்சா ஆறு வருஷம். அரசாங்கப் பட்டியல்ல இருக்குற நிபுணர் இன்ஸ்பெக்டர்கள் வந்து பாக்குற பெரிய இன்ஸ்பெக்ஷன் வருஷா வருஷம் கிடையாது, சில வருஷத்துக்கு ஒரு தடவை தான். சவுத் லேக்ஸ் விஷயத்துல அந்தப் பகுதியோட பாரோ கவுன்சில் 2017 மார்ச்ல, ஜூவை ஆரம்பிச்ச டேவிட் கில்லுக்கு லைசன்ஸ் மறுத்தாங்க. அதுக்குள்ள அங்க வேலை பாத்தவங்களே சேந்து ஆரம்பிச்ச கம்ப்ரியா ஜூ கம்பெனி ஜனவரியிலயே நிர்வாகத்தை எடுத்திருந்துச்சு, மே மாசம் அவங்களுக்கு நாலு வருஷ லைசன்ஸ் கிடைச்சுச்சு, நிலைமை முன்னேறியிருக்குன்னு இன்ஸ்பெக்டர்களும் சொன்னாங்க. 2024ல பழைய ஊழியர்கள் சிலர் பிபிசி கிட்ட திரும்பவும் மிருகப் பராமரிப்பு பத்தி குற்றச்சாட்டு சொன்னாங்க, அது குற்றச்சாட்டு தான், கோர்ட் தீர்ப்பு இல்ல, அதையும் இதையும் ஒண்ணா போட்டுப் பேசக் கூடாது.

கவுன்சில் ஏன் முன்னாடியே மூடலன்னா, ஒரு சின்ன ஊர் கவுன்சிலுக்கு ஜூவை மூடுறது கடையை மூடுற மாதிரி இல்லங்க. நூத்துக்கணக்கான மிருகம் எங்க போகும்? காண்டாமிருகத்தை யார் எடுத்துப்பாங்க? டூரிஸ்ட்டை நம்பி இருக்குற ஊருக்கு வருமானம், வேலை. கவுன்சில்ல இருக்குறவங்களுக்குப் புலியைப் பத்தியும் ஆமையைப் பத்தியும் என்ன தெரியும், அவங்க இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை நம்பித்தான் இருக்கணும். அதுக்காக அவங்களை முழுசா விட்டுட மாட்டேன், 2013 சாவுக்கு அப்புறம் நாலு வருஷம்ங்கிறது ரொம்ப நீளம். லைசன்ஸ் குடுக்குற வேலையை ஊர் கவுன்சில் கையில இருந்து எடுத்து நாடு முழுக்க ஒரே அமைப்புகிட்ட குடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: கூண்டுல அடைக்கிறதை விட சஃபாரின்னா திறந்தவெளி தானே, மிருகத்துக்கு நல்லது தானே?

பதில்: பாதி சரி. 1966ல இங்கிலாந்துல லாங்லீட்ங்கிற இடத்துல சிங்கங்களைத் திறந்த புல்வெளியில விட்டு ஜனங்களைக் காருக்குள்ள அடைச்சாங்க, ஆப்பிரிக்காவுக்கு வெளிய முதல் டிரைவ்-த்ரூ சஃபாரி அது தான். சிங்கம் ஒரு நாள்ல இருபது மணி நேரம் கூட படுத்தே கிடக்கும், அதுக்கு நல்ல புல்வெளி, நிழல், சாப்பாடு, ஒத்துப்போற கூட்டம் இருந்தா பெரும்பாலும் போதும். ஆனா எல்லா மிருகமும் சிங்கம் இல்ல. 2003ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல எழுதுனாங்க, காட்டுல எந்த மாமிசம் தின்னுற மிருகம் எவ்வளவு பெரிய பரப்புல சுத்துதோ அந்த அளவுக்கு அது அடைபட்ட இடத்துல அங்கயும் இங்கயும் நடந்துட்டே இருக்குது, குட்டிகளும் அதிகமா சாகுதுன்னு. பனிக்கரடிக்கு ஜூல குடுக்குற இடம் அது காட்டுல சுத்துற பரப்புல பத்து லட்சத்துல ஒரு பங்கு தானாம். இதை எத்தனை ஏக்கர் சேத்தாலும் சரிக்கட்ட முடியாது, அந்த மாதிரி மிருகத்தை வச்சுக்காம இருக்குறது தான் வழி.

இன்னொண்ணு, நாம போறது கோடைக்கால மத்தியானம். நவம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடுது, தரை உறைஞ்சா ஒட்டகச்சிவிங்கி வழுக்கி விழுந்து கால் உடைஞ்சிடும்னு உள்ளயே வைப்பாங்க, அந்த நேரத்துல அதோட உலகம் அந்த ராத்திரிக் கொட்டகை தான். திறந்தவெளி எவ்வளவு பெருசுன்னு விளம்பரத்துல போடுவாங்க, கொட்டகை எவ்வளவு பெருசுன்னு எங்கயும் போட மாட்டாங்க.

கேள்வி: குரங்குக்கு வாழைப்பழம் குடுக்கக் கூடாதா? பாவம் ஆசையா கேக்குதே.

பதில்: கூடாது. நாம கடையில வாங்குற பழம் எல்லாம் மனுஷ நாக்குக்கு இனிப்பா இருக்கணும்னு வளர்த்த பழம், காட்டுப் பழத்தை விட சக்கரை ரொம்ப அதிகம், நார் கம்மி. டெவன்ல பெய்ன்டன் ஜூ 2014ல குரங்குங்களுக்கு வாழைப்பழமே நிறுத்திட்டாங்க, பல்லும் சக்கரை வியாதியும் தான் காரணம். ஆசையா கேக்குறது உண்மை, நம்ம பிள்ளையும் தான் மிட்டாய் ஆசையா கேக்குது.

கேள்வி (ஒரு தங்கச்சி, ஊர் போடல): அடுத்த லீவுக்கு பசங்களைக் கூட்டிட்டுப் போக வேற சஃபாரி பாக்குறேன் அண்ணா. உள்ள போய் எதை வச்சு நல்ல இடம் கெட்ட இடம்னு கண்டுபிடிக்கிறது?

பதில்: முதல்ல பியாசா, இயாசா மாதிரி ஜூ சங்கங்கள்ல உறுப்பினரான்னு பாருங்க, அது கட்டாயம் இல்ல, அதுலயே இருந்தாலும் முழு உத்தரவாதம் இல்ல, ஆனா வெளி ஆள் வந்து பாக்குறாங்கன்னு அர்த்தம். உள்ள போனதும் மிருகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி அதோட இடத்தைப் பாருங்க, நம்ம கண்ணுல படாம ஒளிஞ்சுக்க அதுக்கு இடம் இருக்கா? காசு குடுத்து வந்து புலியே தெரியலன்னு பசங்க சிணுங்குவாங்க, சிணுங்கட்டும், புலி ஒளிய முடியுற கூண்டு தான் நல்ல கூண்டு. லீமர் நடைபாதை இருந்தா ஜனங்க வர முடியாத பக்கம் ஒண்ணு அதுக்கு இருக்கணும், கூட ஒரு கீப்பர் நிக்கணும். ஒரு இடத்துல நான் முக்கால் மணி நேரம் ஒரு சிறுத்தையைப் பாத்துட்டு நின்னேன், கண்ணாடி ஓரமா எட்டு அடி போகும், அதே இடத்துல தலையைத் திருப்பும், எட்டு அடி வரும், தரையில அதோட கால் தடம் பள்ளமாவே விழுந்திருந்துச்சு, பக்கத்துல இருந்தவங்க எல்லாம் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு பாருன்னு வீடியோ எடுத்தாங்க. அந்த மாதிரி தடம் தெரியுதான்னு தரையைப் பாருங்க.

அப்புறம் கீப்பர் பேச்சு நேரத்துக்குப் போய் உக்காருங்க. போன வருஷம் இங்க என்னென்ன செத்துச்சு, எதனாலன்னு கேளுங்க. மரியாதையா கேட்டா நல்ல கீப்பர் கோபப்பட மாட்டாங்க, பேரைச் சொல்லி, வயசைச் சொல்லி, போஸ்ட்மார்ட்டத்துல என்ன வந்துச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு ஒரு தடவை ஒரு கீப்பர் பொண்ணு ஒரு வயசான கங்காருவைப் பத்தி இருபது நிமிஷம் சொன்னா, கடைசியில அவளுக்கே கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஜூவுக்கு நான் திரும்பவும் போனேன்.