வாசகர் கேள்வி: குஞ்சு எதைத் தீன் என்று அறிகிறது?

கேள்வி: வாங்கி வந்த ஒரு நாள் கோழிக்குஞ்சுகள் தீனை விட்டுவிட்டு மரத்தூளையே கொத்துகின்றன. எப்படிப் பழக்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொத்துவது பிறவிக்குணம், எதைக் கொத்துவது என்பதுதான் படிப்பு. முதல் இரண்டு மூன்று நாட்கள் வயிற்றில் மிஞ்சிய மஞ்சட்கரு குஞ்சைத் தாங்குகிறது. அதனால் மணலும் தீனும் அதற்கு ஒன்றுபோலவே. விழுங்கிய தீன் உடலுக்குத் தெம்பு தரத் தொடங்கிய பிறகே அந்த நிறத்தையும் வடிவத்தையும் தேடிக் கொத்தும். தெம்பு தெரிய நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

மூன்று நாட்களுக்கு மரத்தூளின்மேல் சொரசொரப்பான துணி விரியுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம். வழுக்கிக் கால் அகன்றுவிடும். தூள் தீனைத் துணியில் தூவி, தாய்க்கோழி கொத்துவதைப்போல விரல் நுனியால் தட்டுங்கள். ஓடிவந்து அதே இடத்தில் கொத்தும். அலகின் நுனியை மட்டும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிடுங்கள், மூக்குத்துளை நனையக்கூடாது.

மின்குமிழின் கீழ் குஞ்சு நிற்கும் மட்டத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் இருக்கட்டும். கொழும்பு வெக்கை போதும் என்று நினைக்காதீர்கள். மழை இரவில் குளிர்ந்தால் குவிந்து கிடக்கும், தின்னாது, தின்னாத குஞ்சு எதையும் கற்காது.

கசப்பு மருந்தைத் தீனில் கலக்கவே வேண்டாம். நல்லது பதியப் பல கொத்து வேண்டும், கெட்ட சுவைக்கு ஒரே கொத்து போதும். பிறகு அதே நிறத் தீனையே ஒதுக்கிவிடும்.