விளம்பரத் தடை யாருக்காக? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சூதாட்டச் செயலிகளின் விளம்பரங்களை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். குடிப்பவன் எப்படியும் குடிப்பான், ஆடுபவன் எப்படியும் ஆடுவான். அமெரிக்காவில் மதுவையே தடைசெய்து பார்த்தும் தோற்றுப்போனார்கள். விளம்பரத்தை மட்டும் மறைத்து என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்க உதாரணம் சரிதான். 1920 முதல் 1933 வரை அங்கே மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். (குடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது.) வியாபாரம் கடத்தல்காரர்கள் கைக்குப் போனது. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாதென்று அரசே மெத்தனால் கலக்கச் சொன்னது. அதையும் திருடி விற்றார்கள், வாங்கிக் குடித்தவர்கள் செத்தார்கள். அதனால் முழுத் தடையை நானும் கேட்கவில்லை.

ஆனால் விற்க விடுவது வேறு, ஆள் பிடிக்க விடுவது வேறு. எனக்குக் கவலை இரண்டு பேரைப் பற்றி: இன்னும் தொடங்காத பிள்ளை, விட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். சிகரெட்டை விட்ட முதல் மாதம், ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டியபோது பக்கம் முழுக்கச் சிகரெட் விளம்பரம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அன்றே மறுபடி பிடித்தேன்; அப்புறம் விட இரண்டு வருடம் ஆனது. சூதாட்டத்தை விட்டவர் பாடு இதைவிடக் கொடுமை. கடை என்றால் வேறு தெரு வழியாகப் போகலாம். செல்போனில் நள்ளிரவில் 'உங்களுக்கு போனஸ் காத்திருக்கிறது' என்று வந்து விழுந்தால் எந்த வழியாகப் போவது?

அரைகுறைத் தடையால் பெரிய பலன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் நின்றது. பணம் பத்திரிகைகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் நகர்ந்தது. அதுவரை நிலையங்கள் கட்டாயமாக ஒளிபரப்பிவந்த புகைப்பழக்க எதிர்ப்பு விளம்பரங்களும் கூடவே குறைந்துபோயின. நார்வே 1975இல் எல்லா வகைப் புகையிலை விளம்பரத்தையும் சேர்த்தே நிறுத்தியது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் சொல்லும் 'எப்படியும் குடிப்பவரை' நான் கைவிடவில்லை. விளம்பரத் தடை அவருக்குப் போதாது, சிகிச்சை வேண்டும். போர்ச்சுகல் 2001இல், தன் உபயோகத்துக்காகக் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்துவதை நிறுத்தியது. பிடிபட்டவர் ஒரு குழுவின் முன் போகிறார். தேவைப்பட்டால் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம்தான்.