ஹெட் கேஸ்கட் மாற்றிய இரண்டே மாதத்தில் மறுபடியும் போனது ஏன்?

புது கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) போட்டும் கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, கேஸ்கட் தரமில்லாததா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன்மேல் பழியைப் போடுமுன், முதல் கேஸ்கட் ஏன் போனது என்று யாராவது பார்த்தார்களா?

என் காரிலும் இதேதான் நடந்தது. முதல் தடவை ஹெட்டைக் கழற்றி, துடைத்து, புது கேஸ்கட் வைத்து மூடிவிட்டோம். சில வாரங்களில் ரேடியேட்டரில் குமிழி கிளம்பியது. இரண்டாம் தடவைதான் ஹெட்டின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (துல்லியமாக நேரான பட்டை) வைத்துப் பார்த்தோம். நடுவில், இடைவெளி அளக்கும் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக நுழைந்தது. 0.05 மி.மீ. தாண்டினாலே ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்யச் சொல்லும் எஞ்சின்கள் உண்டு. ஹெட்டை வளைத்தது, திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட்டை விடும் வால்வு). அதை அப்படியே விட்டுவிட்டு கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தோம்.

பெரும்பாலும் ஓவர்ஹீட்தான் காரணம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சூடாகும்போதும் நடுவிலிருக்கும் கேஸ்கட் இழுபடுகிறது. அளவு மீறிச் சூடானால் ஹெட்டே வளைந்து பிடிப்பு தளர்ந்துவிடும். எஞ்சின் நாக்கிங்கோடு (சிலிண்டருக்குள் எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டும் சத்தம் வருவது) ஓடுவதும், வருடக்கணக்கில் மாற்றாத கூலன்ட்டும் மற்ற காரணங்கள்.

எது என்பதைப் பழைய கேஸ்கட்டே காட்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகி உடைந்திருந்தால் சூட்டையோ நாக்கிங்கையோ சந்தேகப்படுங்கள். தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்திருந்தால் பழைய கூலன்ட்டின் வேலை.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும், அதுவும் ஓரத்திலிருந்து நடுவுக்கு. சூட்டோடு கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். பரப்பைச் சுத்தம் செய்யும்போது சுழலும் உப்புத்தாள் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பரப்பில் பள்ளம் விழுவது ஒருபுறம், உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஸ்க்ரேப்பரைக் கொண்டு பொறுமையாகச் சுரண்டுங்கள். ஹெட்டை மட்டுமல்லாமல் பிளாக்கின் மேற்பரப்பையும் அளந்து பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் பேர் தவறுவது போல்ட்டில்தான். பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, அளக்கும் ஸ்பேனர்) சரியான அளவைக் காட்டும், போல்ட் மட்டும் இறுகியிருக்காது. சில சமயம் அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடும். காற்றடித்து உலர்த்துங்கள். டார்க் வைத்தபின் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று மேனுவல் சொன்னால், அந்த வகை போல்ட் பொதுவாக இழுபட்டு நீளும். அதற்குப் புதுசு வாங்குங்கள். முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவலில் உள்ள வரிசையில், படிப்படியாக.

டீசல் என்றால் இன்னொன்றும் உண்டு. பல எஞ்சின்களுக்குக் கேஸ்கட் வெவ்வேறு தடிமன்களில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூடியபின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, புது கூலன்ட் ஊற்றி ஏர் லாக்கை முழுக்க எடுங்கள். உள்ளே காற்று தங்கினால் முதல் ஓட்டத்திலேயே மறுபடி ஓவர்ஹீட் ஆகும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஃபேன் நான்கையும் சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.