நைட்ரஜன் ஏன் ஆர்கான் ஆகாது?

வணக்கம் ஐயா,

எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை நடத்துகிறேன். டிக் வெல்டிங்குக்கு (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எனும் மின்பொறி எழுப்பி, வாயுவால் காற்றை விலக்கிப் பற்றவைப்பது) ஆர்கான் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நைட்ரஜனும் எதோடும் சேராத வாயுதானே, அதை விட்டால் என்ன? பத்தாவது படிக்கும் மகள், ‘ஆர்கானுக்கு வெளிக்கூட்டில் எட்டு நிரம்பிவிட்டது, அதனால் வினைபுரியாது’ என்கிறாள். எட்டில் அப்படி என்ன இருக்கிறது?

கு., மன்னார்குடி

அன்புள்ள கு.,

மகள் சொன்னது சரிதான். ஆனால் எட்டு என்பது கணக்கின் விடை. கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

சோடியத்தில் தொடங்கி ஆர்கான் வரை கருவில் புரோட்டான்கள் 11இலிருந்து 18 ஆகின்றன. எலக்ட்ரான்களோ அதே மூன்றாம் கூட்டில்தான் வந்து சேர்கின்றன. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று கருவை அதிகம் மறைப்பதில்லை. பிடி இறுகிக்கொண்டே போகும். வெளி எலக்ட்ரான் ஒன்றைப் பிடுங்க சோடியத்தில் 5.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), ஆர்கானில் 15.8. குளோரினிலும் 13.0 ஆகிறதே என்று மகள் கேட்பாள். குளோரினில் ஓர் இடம் காலி. புதிதாக வரும் எலக்ட்ரானுக்கும் அந்த இறுக்கமான பிடி கிடைக்கும். ஆர்கானுக்கு வருவது நான்காம் கூட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே உள்ளிருக்கும் 18 எலக்ட்ரான்கள் கருவை மறைத்துவிடுவதால் ஒட்டாது. பங்குபோடலாம் என்றால், ஜோடியில் ஒன்றைப் பிரித்து மேல்கூட்டுக்கு ஏற்றவே சுமார் 11.5 வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்டும் பிணைப்பு அமைவதில்லை.

கூடு பெரிதானால் பிடி தளரும். ஆர்கானின் குடும்பத்திலேயே பெரிய கூடுள்ள வாயுவான செனானுக்கு 12.1தான், ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறக்குறைய அதுவே. ஆக்சிஜனிடமே எலக்ட்ரானைப் பறித்த பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடை நீல் பார்ட்லெட் 1962இல் செனானோடு கலந்தார், சேர்மம் உண்டாயிற்று.

நைட்ரஜன் சங்கதி வேறு. அதன் அணு சாது இல்லை, மூன்று இடம் காலி. இரண்டு அணுக்கள் முப்பிணைப்பில் கட்டிக்கொண்டு கிடப்பதால்தான் சாதுவாகத் தெரிகிறது. கட்டை அவிழ்க்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவுக்காக அதைச் செய்ய இரும்பு வினையூக்கியும் 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் தேவை. உங்கள் ஆர்க்கில் சூடு அதைவிடப் பல மடங்கு. அவிழ்ந்த நைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரையும். அளவு மிஞ்சினால் உறையும்போது குமிழாகித் துளை விழும். டங்ஸ்டன் முனையும் சீக்கிரம் அரித்துப்போகும். ஆர்கானும் ஆர்க்கில் எலக்ட்ரானை இழக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆறியதும் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விடும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர். காற்றில்லாத இடத்தில் டார்ச் முனையில் மாட்டும் 6ஆம் நம்பர் கப்புக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் போதும். துளை விழுகிறதே என்று அளவுமீறித் திறந்தால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஆடிக் காற்றில் திறந்த கொட்டகை என்றால் முதலில் தார்ப்பாய் கட்டுங்கள். ஆர்க் அணைந்தபின் டங்ஸ்டன் நீலமோ கருப்போ ஆனால், டார்ச்சைச் சீக்கிரம் தூக்குகிறீர்கள் என்று பொருள், 1.6 மில்லிமீட்டர் முனைக்கு ஏழெட்டு விநாடி வாயு ஓடட்டும்.

304 ரக எஸ்எஸ் குழாயில் உட்புறம் கருகிப் பொரியாமலிருக்க உள்ளே நிரப்புவதற்கு மட்டும் நைட்ரஜனைப் பயன்படுத்தலாம். தொட்டிக்குள் ஆளை இறக்கும்போது கவனம்: ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், மணம் இல்லை. ஃபேனால் வெளிக்காற்றை உள்ளே தள்ளிவிட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்திய பிறகே இறங்கச் சொல்லுங்கள்.