வடாம் காயும் நாளில் எந்த மேகத்தைக் கண்டு பயப்படணும்?

கேள்வி: மொட்டை மாடியில் வடாம், வத்தல் காயப்போடுகிறேன். வானம் கறுத்ததும் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தால் ஒரு துளி விழுவதில்லை. வெள்ளை மேகம்தானே என்று விட்ட நாளில் நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கிறது. மேகத்தைப் பார்த்தே மழையைக் கணிக்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஓரளவுக்கு முடியும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். மேகம் வெயிலை மறைக்கிறது, நீங்கள் அதன் அடியில் நிற்கிறீர்கள். கறுப்பாகத் தெரிவது அதனால்தான். வெயில் படும் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதே மேகம் பளீர் வெள்ளை. மேகம் மேல்நோக்கி எழும்புகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சூடான தரையை ஒட்டிய காற்று மேலே போகப் போக விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. ஒரு உயரத்தில் அதிலுள்ள நீராவி தூசியிலும் உப்புத் துகள்களிலும் படிந்து நுண்துளிகளாகிறது. அந்த உயரம்தான் மேகத்தின் தட்டையான அடிப்பகுதி. நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிப்படும். அது மேகத்தை இன்னும் மேலே தூக்கும். நுண்துளி ஒன்றின் அகலம் சுமார் 0.02 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்கு அப்படிப் பத்து லட்சம் சேர வேண்டும். மெல்லிய மேகத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு.

கோடையில் முற்பகலில் உதிரி உதிரியாகத் திரள் மேகங்கள் (கியூமுலஸ்) தோன்றும். அகலத்தைவிட உயரம் குறைவாக இருக்கும்வரை கவலையில்லை. மதியத்துக்கு மேல் உயரம் அகலத்தை மீறி, தலை காலிஃப்ளவர் போலப் புடைத்துக்கொண்டே போனால் வடாத்தை எடுக்கத் தயாராகிவிடுங்கள். முதலில் மேற்கு, வடமேற்கில் மலைப்பக்கம் பாருங்கள். மலைச்சரிவு காற்றை மேலே தள்ளுவதால் அங்கே சீக்கிரம் எழும்பும். புடைப்புகளின் கூர்மை மங்கி, உச்சி நார்நாராகித் தட்டையாகப் பரவினால், மேலே பனிப்படிகங்கள் உருவாகிவிட்டன, அது கார்திரள் மேகம் (கியூமுலோநிம்பஸ்) ஆகிவிட்டது என்று அர்த்தம். நம் பக்கத்தில் இதன் உச்சி 15 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மழையால் குளிர்ந்த காற்று கீழே இறங்கி முன்னால் ஓடிவரும். திடீரென்று சில்லென்று வீசினால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

காலையிலேயே ஒரு துப்பு கிடைக்கும். நடு உயரத்து மேகத் துண்டுகளின் தலையில் சின்னச் சின்னக் கோபுரங்கள் முளைத்திருந்தால், அன்று பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். நடு உயரம் என்று எப்படித் தெரியும்? கையை முழுதாக நீட்டி, தலைக்கு மேல்பக்கம் உள்ள துண்டுகளை விரலால் அளந்து பாருங்கள். சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்தால் மிக உயரத்து மேகம். ஒன்றிலிருந்து மூன்று விரல் என்றால் நடு உயரம். அதற்கும் பெரிதாக, சாம்பல் நிறத்தில், இடையிடையே வானம் தெரிய, தாழ்வாகக் கிடந்தால் படைத்திரள் மேகம் (ஸ்ட்ரேட்டோகியூமுலஸ்). உங்களை வீணாக ஓடவைப்பது பெரும்பாலும் இதுதான். ஆடிக் காற்றோடு நாள் முழுக்க மூட்டம் போட்டு மிரட்டும், மிஞ்சினால் தூறல். இதன் அடியில் வடாம் காயவும் காயாது, அது வேறு விஷயம்.

ஆறு கிலோமீட்டருக்கு மேலே முடி பிரிந்தாற்போல் ஓடும் கீற்று மேகம் (சிர்ரஸ்) முழுக்கப் பனிப்படிகம். அதிலிருந்து விழுவது வழியிலேயே ஆவியாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் விடாமல் பெய்யும் கார்ப்படை மேகத்தைப் (நிம்போஸ்ட்ரேட்டஸ்) பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசியில் யார் வடாம் போடப் போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் அசட்டை வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது வடாம் நனைந்தாலும் பரவாயில்லை, மாடிக்குப் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துப் போனால் போதும்.